கொல்லைப்புறத்துக் கார்டு வேன்

உட்காருவதற்கு முன் அவர் எதையாவது பிடித்துக்கொள்வார். நாற்காலி என்றால் கைப்பிடி, கட்டில் என்றால் விளிம்பு, ஒன்றுமே இல்லாவிட்டால் சுவர். இடது உள்ளங்கை அழுத்தமாகப் பதிந்த பிறகுதான் முழங்கால் மடியும். பாதங்கள் அகல விரிந்து தரையைக் கவ்வும். உட்கார்ந்த பின்னும் உடனே சாயமாட்டார். ஏதோ ஒன்று வந்து முட்டப்போகிறது என்பதுபோல் விறைத்திருந்து, வரவில்லை என்று உறுதியானதும் முதுகைத் தளர்த்துவார். பல் டாக்டரின் நாற்காலியிலும் இதே கதைதான். "நான் இன்னும் கையே வைக்கலையே சார்" என்றார் டாக்டர்.

ரயில்வேயில் கார்டு; வேலைக்காலம் முழுவதையும் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியான கார்டு வேனில் தனியாளாகக் கழித்தவர். நீளமான சரக்கு ரயில் கிளம்பும்போது எஞ்சினுக்கு அது ஒரு சின்ன அசைவு. கொக்கிகளின் தொய்வு ஒவ்வொன்றாக இழுபட்டு, டங் டங்கென்று சத்தம் பின்னோக்கி ஓடிவரும். வர வரப் பெருகும். கார்டு வேனை எட்டும்போது அது சத்தமாக இருக்காது, உதையாக இருக்கும். ஒருமுறை பிடிக்காமல் உட்கார்ந்ததில் எதிர்ச்சுவரில் போய் மோதி விலா எலும்பு முறிந்தது. கழிப்பறை கிடையாது, விளக்கு கிடையாது, பேச ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் சால்வையுமாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வேன் நின்ற பக்கம் திரும்பிக் காறித் துப்பிவிட்டு வந்தார்.

மனைவி போனபின் மகள் வீட்டில் வாசம். பின்பக்கத்தில் கொல்லையைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை. ஆடாத அறை. அது போதும் அவருக்கு.

விதி மாப்பிள்ளை உருவத்தில் வந்தது. மாப்பிள்ளைக்குச் சம்பளம் இன்சூரன்ஸ் ஆபீஸில், உயிர் ரயிலில். ரயில் பிரியர்கள் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர் வேறு. அதிலும் கார்டு வேன் என்றால் மனுஷனுக்குக் கண் கலங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அதே பேச்சு.

"அந்தக் காலத்துல சரக்குப் பெட்டி ஒவ்வொண்ணுக்கும் தனி பிரேக் ஏது மாமா? ஏத்தத்துல கொக்கி அறுந்தா பின்பாதி அப்படியே உருண்டு வந்துரும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் கடைசியில கனமா ஒரு வேன், உள்ள ஒரு ஆளு. சில நாட்டுல கூரை மேல கண்ணாடிக் கூண்டு வச்சு, உள்ள அடுப்பு, படுக்கைன்னு குட்டி வீடாவே கட்டியிருக்கான். அப்புறம் காத்து பிரேக் வந்துச்சு. இப்போ ஆளுக்குப் பதிலா வால்ல மினுக்குற ஒரு டப்பா. என்ன அநியாயம்!"

"என்ன அநியாயம்? அந்த டப்பாவுக்கு விலா எலும்பு கிடையாது. சாப்பிடும்போதாவது அந்தச் சனியனை இறக்கி வைங்க மாப்பிள்ளை."

இறக்கித்தான் வைத்தார். ஒருநாள் காலை கிரேன் ஒன்று மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டியது. அதன் வாயில் ஒரு பழைய கார்டு வேன். கொல்லையில் போட்டிருந்த இரண்டு துண்டுத் தண்டவாளத்தின் மேல், அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே, வெளிச்சத்தை மறித்துக்கொண்டு அது அமர்ந்தது. தப்பிவந்த சிறை, விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

பெயின்ட் அடித்தார்கள். மின்விசிறி வந்தது, கட்டில் வந்தது. பக்கத்தில் குளியலறையும் எழும்பியது. கட்டில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளையே சொன்னார்.

"உங்களுக்குத்தான் மாமா. தனி வீடு மாதிரி. பழகின இடம் வேற."

"ஜெயில்ல இருந்து வந்தவனுக்கு ஜெயிலையே கட்டிக் குடுப்பீங்களா? என் ரூமை விட்டு நான் நகரமாட்டேன். நகத்திப் பாருங்க, தெரியும்."

மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டாள்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. சங்கத்து ஆட்கள் காமிராவும் தொப்பியுமாக வந்து இறங்கினார்கள். வேனின் கம்பியைத் தடவினார்கள், துருவை முகர்ந்தார்கள். கோயில் யானைபோல அவரை நடத்திவந்து கார்டின் இருக்கைக்கு முன்னால் நிறுத்தினார்கள். மகள் முகத்துக்காகத்தான் அதுவரை வந்தார்.

"சார், அந்தத் தனிமை... வானம், தண்டவாளம், நீங்க. கவிதை சார்!" என்றார் தொப்பிக்காரர்.

"மூத்திரம் போக எடம் இல்லாம உக்காந்து பாருங்க. கவிதை தானா வரும்."

சிரித்தார்கள். அவர் வையவைய அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் சத்தமில்லாமல் செல்போனை ஒலிபெருக்கியில் பொருத்தினார். சரக்கு ரயில் கிளம்பும் சத்தம். தூரத்தில் ஒரு டங். அடுத்தது. நெருங்கி நெருங்கி வந்தது. அவர் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்து, குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வேன் அசையவில்லை. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளைதான் முதலில் தட்டியது.

நிமிர்ந்தபோது அவர் பழைய கார்டாக இருந்தார்.

"எறங்குங்கடா எல்லாரும்! கார்டு வேன்ல கார்டைத் தவிர வேற எவனும் ஏறக்கூடாது. ரூல் தெரியாதா? எறங்கு!"

அதையும் நடிப்பு என்றே நினைத்து, குதூகலமாக இறங்கினார்கள். கடைசி ஆளின் முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டு, கதவை இழுத்து உள்தாழ் போட்டார். கைப்பிரேக் சக்கரத்தை அது மறுக்கும்வரை திருகினார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே ஒவ்வொருவராய் வந்து கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. நெடுநாளைக்குப் பிறகு, ஜெயித்ததுபோல் இருந்தது.

சாயங்காலம் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிரே அவருடைய அறை. மாப்பிள்ளை அவருடைய மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டேய்!"

மாப்பிள்ளையை டேய் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை ஜன்னலுக்கு வந்தார்.

"எதுக்குக் கத்துறீங்க மாமா? நீங்களா உள்ள போனீங்க. நீங்களா தாழ்ப்பாள் போட்டீங்க. எங்களையும் ஏறக்கூடாதுன்னுட்டீங்க. மெத்தை வேண்டாமா?"

கொல்லையில் சங்கத்து ஆட்கள் டம்ளரும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இறங்கிப் போய், அத்தனை தொப்பிகளுக்கும் முன்னால், என் அறையைக் கொடு என்று கேட்க வேண்டும். ஒரு கை தாழ்ப்பாள் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு, திறந்துவிடாமலிருக்க, அதை இன்னும் இறுக்கியது.

அதன்பின் வேனில்தான் இருந்தார். அதற்குள் ஒரு பிரியனையும் விடவில்லை. சொந்தக் காசில் வாங்கிய வேனுக்குள் மாப்பிள்ளையால் காலெடுத்து வைக்க முடியவில்லை. மதிலோரம் நின்று விருந்தாளிகளுக்கு வெளிப்பக்கத்தை மட்டும் விளக்குவார். உள்ளேயிருந்து வசவு வரும். மகள் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவாள். வீட்டுக்குள் மாமனார் காலடி வைக்கவில்லை, மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை அவருக்கு எதிரி அந்த ஒருத்தர்தான்.

வேனைச் சங்கத்துக்குச் சொந்தமான மைதானத்தில் நிறுத்தத்தான் மாப்பிள்ளை வாங்கினார் என்பது மாமனார் போனபின் தெரியவந்தது. வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னது மகள். கட்டில் செய்ய வந்த தச்சனுக்காக, மத்தியானத் தூக்கத்திலிருந்த அப்பாவைத் தலையிலிருந்து பாதம்வரை டேப் பிடித்து அளந்து சொன்னதும் அவள்தான்.