எங்கள் கடையில் 'வாங்க' சொல்வதில்லை

மயிலாப்பூரில், சாந்தோம் பக்கமாக ஒரு சந்தில் எங்கள் கடை இருக்கிறது. சவப்பெட்டி விற்கிறோம். அக்கம்பக்கத்தில் 'பெட்டிக்கடை' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த சிலர் அதை நம்பி வாழைப்பழமும் தீப்பெட்டியும் கேட்டு வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்ததும் வந்த வேகத்திலேயே திரும்பியிருக்கிறார்கள். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் போய் மூன்று மாதம் ஆனபோதுதான் வெப்சைட் பேச்சு வந்தது. ஆரம்பித்தவன் என் தம்பி. மூன்று பேராக நடத்திய கடையில் இப்போது அவனும் நானும்தான். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டே போன்ல தேடுறாங்கக்கா. பாதிப் பேரோட பிள்ளைங்க வெளிநாட்டுல. அங்கிருந்தே பார்த்து எடுக்கணும்னு நினைக்கிறாங்க. நாம அதுல இல்லவே இல்ல," என்றான். இருக்கட்டும் என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் இருக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது.

அசோக் நகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெப்சைட் செய்து தருகிறவள், முப்பது வயதுகூட இருக்காது. பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார அவள் தயங்கவில்லை. அதனாலேயே பிடித்துப்போனது. இரண்டு வழி சொன்னாள். ஒன்று டெம்ப்ளேட். யாரோ எப்போதோ செய்துவைத்த அச்சு. நம் பெயரையும் படங்களையும் போட்டுவிட்டால் திங்கட்கிழமை தயார். இன்னொன்று, நமக்கென்றே முதலிலிருந்து செய்வது. "அதுக்கு ஒரு நாள் முழுக்க நான் இங்க உட்காரணும் மேடம். யார் வர்றாங்க, என்ன கேக்குறாங்க, நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்துதான் எழுத முடியும்."

தம்பி யோசிக்கவே இல்லை. "நம்மகிட்டயே ரெண்டும் இருக்கே. ஸ்டாக் பெட்டி, ஆர்டர் பெட்டி. வர்றவங்க எதை எடுக்குறாங்க? நிக்கிறதுல ஒண்ணத்தான். அளவு சரியா இருந்தா போதும், யாருக்கு நேரம் இருக்கு?" அவன் பேச்சில் நியாயம் இருந்தது. என் கணவருக்கே ஸ்டாக் பெட்டிதான். சுவரோரம் இரண்டாவதாக நின்றது.

அந்த டெம்ப்ளேட் சோபா, கட்டில் விற்கிற கடைக்காகச் செய்தது. சோபா இருந்த இடத்தில் பெட்டி வந்தது. 'உங்கள் வரவேற்பறைக்கு அழகு' என்றிருந்த வரியை அந்தப் பெண்ணே முதலில் தூக்கிவிட்டாள். 'பிடித்ததைச் சேமித்து வையுங்கள்' என்பதைத் தம்பி கண்டுபிடித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பக்கமாக என்னிடம் காட்டி, "இது ஓகேவா மேடம்?" என்று கேட்டாள். ஓகே, ஓகே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் சரிபார்ப்பதற்காக என் நம்பரிலேயே ஓர் ஆர்டர் போட்டாள். என் போனில் மெசேஜ் வந்தது. 'உங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக.'

"வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு," என்றேன்.

எங்கள் கடையில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. படியேறுகிறவரைப் பார்த்து 'சொல்லுங்க' என்போம், 'உட்காருங்க' என்போம். கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில் யார்தான் சொல்வார்கள்? பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றுவோம். அவர்கள் பேசாமல் போவார்கள், நாங்கள் பேசாமல் நிற்போம். கல்யாணமாகி வந்த முதல் வாரம், வாய்தவறி ஒருவரை 'வாங்கண்ணே' என்று சொல்லிவிட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சொல் இந்தப் படியில் என் வாயிலிருந்து வந்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் அந்த வரியைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். மனசில் ஒன்றும் இடறவில்லை.

ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. தம்பிக்குச் சந்தோஷம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து ஓர் ஆட்டோக்காரர், அவருடைய அம்மாவுக்கு அதில்தான் எடுத்தார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை அவரே நேரில் வந்தார். முகம் ஞாபகம் இருந்தது. "சொல்லுங்க," என்றேன்.

"நீங்கதானேக்கா வரச் சொன்னீங்க. வந்துகீறேன்."

எனக்குப் புரியவில்லை. போனை எடுத்து நீட்டினார். அந்த வரி அப்படியே இருந்தது. இந்த முறை அவர் மனைவி. அடையாறில் ஒன்றரை வருஷமாக கேன்சருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எங்கம்மாவுக்கு பெட்டி எடுத்தன்னிக்கு இது வந்துச்சு. அதுதான் வாங்கிப் படிச்சுது. இன்னாய்யா, என்னிய இப்பவே கூப்புடுறாங்கன்னு சிரிச்சுது. அப்பால ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கசொல்ல, கடைலேர்ந்து மறுபடி எதுனா வந்துச்சான்னு கேட்டுகினே கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மொதல்ல வெளையாட்டாத்தான் கேட்டுச்சு. கடைசீல வெளையாட்டா கேக்கல."

அவர் குரலில் கோபம் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. உயரம் கேட்டேன். "அஞ்சடி இருந்துச்சு. இப்ப அதுவும் கீதான்னு தெரியல," என்றார். நிற்பதில் ஒன்றைக் கைகாட்டினார். தம்பியும் நானும் ஏற்றிவிட்டோம். அவர் எதுவும் சொல்லாமல் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. தம்பி அந்த மெசேஜைப் பார்க்கவே இல்லை. எனக்கு வழக்கமும் தெரியும், என்னிடம்தான் காட்டினாள். யார் மேலும் பழியைப் போட வழியில்லை.

அவளுக்குப் போன் போட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். "இப்பவே மாத்திடுறேன் மேடம். ஆனா அந்த இடத்தைக் காலியா விட முடியாது. டெம்ப்ளேட் ஒத்துக்காது, ஏதாவது ஒரு வரி இருக்கணும்," என்றாள். தற்போதைக்கு 'ஆர்டர் கிடைத்தது' என்று மட்டும் போடச் சொன்னேன். "அப்புறம் நீ வந்து உட்காரு. புதுசாவே செய்யலாம்." தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாள். இரண்டு குடும்பங்கள் வந்து போயின. நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அந்தக் கடைசி மெசேஜ் பேச்சுக்கு வந்தாள்.

"ஆர்டர் முடிஞ்சதும் என்ன சொல்லலாம் மேடம்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க சொல்றதில்ல."

"நேர்ல சொல்லாம நிக்கலாம். நீங்க நிக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியும். போன்ல சொல்லாம விட்டா பயந்துடுவாங்களே."

அதுவும் சரிதான். நன்றி என்று போடலாம். எதற்கு நன்றி, செத்ததற்கா? ஆழ்ந்த இரங்கல் தெருவுக்குத் தெரு போஸ்டரில் இருக்கிறது. "வண்டி கிளம்பிடுச்சுன்னு போடுங்க. அதுதான் அவங்களுக்கு வேணும்," என்றான் தம்பி. அதை எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டும் நோட்டை மூடவில்லை.

"சார் போனப்போ உங்ககிட்ட யாராவது என்ன சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்?"

அன்றைக்கு எல்லாரும் என்னிடம் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார்கள். எதை எடுக்கிறது, எந்தக் கைப்பிடி, வண்டி எத்தனை மணிக்கு. கடைக்காரி ஆயிற்றே. நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்து ஷட்டரை நானே திறந்தேன். கோயிலில் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"காப்பி குடிச்சியான்னு ஒருத்தரும் கேக்கலம்மா," என்றேன்.

அவள் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தாள். "அதையே போட்டுடட்டுமா? 'வண்டி கிளம்பிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு வாய் காப்பியாவது குடியுங்கள்'னு?"

போடு என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.