தவிட்டுக்கு வாங்கியவள்

என் வீட்டுக்காரருக்கு முஸ்லிம் நாடுகளைப் பற்றித் தெரியாத சங்கதி ஒன்றும் கிடையாது. யாங்கோனை விட்டு வடக்கே மாவ்பியைத் தாண்டி அவர் போனதில்லை. அதுவும் கோழித் தீவனம் வாங்கப் போனதோடு சரி. ஆனால் எங்கள் சந்து முனைத் தேநீர்க் கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும். சவூதியில் இளவரசர் என்ன நினைக்கிறார், ஈரானில் பெண்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள், துருக்கியில் அடுத்த தேர்தல் யாருக்கு, மலேசியாவில் எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேரும் என்று மூச்சுவிடாமல் சொல்வார். எல்லாம் கைப்பேசியில் பார்த்து வந்த ஞானம். பத்தடி தள்ளித் தோசை ஊற்றிக்கொண்டு, காது புளிக்கக் கேட்பது என் தலையெழுத்து.

அவருக்கு அது அத்தனையும் ஒரே நாடு. "அவங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்க மாட்டாங்க. ஒலகத்துல எந்த மூலைல அடிவாங்குனாலும் ஒரு முஸ்லிம் நாடு கதவத் தொறந்துவிடும். நமக்கு யாரு இருக்கா?" என்பார். கேட்கிற பர்மாக்காரர்கள் தலையாட்டுவார்கள். அவர் எழுந்து போனதும், "கலா நல்லாத்தான் பேசுறான்" என்று அவர்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். இந்தியத் தோல் உள்ள எவனும் அவர்களுக்குக் கலாதான். இந்து என்ன, முஸ்லிம் என்ன, யார் பிரித்துப் பார்த்தார்கள்? என் வீட்டுக்காரர் மட்டும்தான் பிரித்துப் பார்த்தார்.

எங்கள் மாடியில் எதிர்வாசல் ஒரு பாய் வீடு. எங்களைப்போலத் தமிழ் பேசுகிற குடும்பம். பாய் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். மாரியம்மன் தேர் கிளம்பும்போது லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அவர்தான் கூடவே நடந்து வருவார், காசு வாங்க மாட்டார். அவர் மனைவியை நான் பாயம்மா என்பேன், அவள் என்னைப் புள்ள என்பாள். ஒரே வயது எங்களுக்கு. அவளுக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகன். அவள் மகன் கொஞ்சம் மூத்தவன். இரண்டு பேரும் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று இரவு படுக்கும்போதுதான் விசாரிப்போம்.

பிறகு அந்த வருஷங்கள் வந்தன. முஸ்லிம் கடையில் வாங்காதே என்று ஊரெல்லாம் பேச்சு. பௌத்தர்கள் தங்கள் கடை என்று காட்ட ஒரு ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் காலை என் தோசை வண்டியின் முன்பக்கம் அது பளபளவென்று இருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு என் வீட்டுக்காரர்தான் ஒட்டியிருந்தார். "பாதுகாப்புக்குடி," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைத் திருப்பியை எடுத்து, வண்டிப் பெயிண்ட்டும் சேர்ந்து வர, சுரண்டி எறிந்தேன். அதற்குள் பாய் வேலைக்குக் கிளம்பிப் போகிற வழியில் பார்த்துவிட்டார். அந்த வருஷத் தேருக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது.

பாய்க்கு வேலை குறைந்துகொண்டே போனது. கடைசியில் குடும்பத்தோடு மலேசியாவுக்குப் போய்விட்டார்கள். பாயம்மா படியிறங்கும்போது என் வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் தேநீர்க் கடையில், "சொன்னேன்ல, அவங்களுக்குன்னு நாடு இருக்கு" என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த நாக்கை அறுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்தபோது என் மகனுக்கு அந்த வயது. வார்டு ஆபீஸில் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு பையனைப் பஸ் நிறுத்தத்திலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் முதல்முறையாக வாயை மூடினார். மலேசியாவில் இருக்கிற தன் சித்தப்பா வழிச் சொந்தத்துக்கு ஃபோன் போட்டார். நம்ம ஆட்கள், அங்கே கோயில் கமிட்டியில் பெரிய மனுஷர்கள். அவர்கள் நலம் விசாரித்தார்கள், அம்மனை வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்கள், அதற்கப்புறம் எடுக்கவில்லை.

நான் பாயம்மாவைக் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நீ வாங்குன புள்ளைக்கு ஆபத்துடி" என்றுதான் வாயில் வந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை வேறு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்களில் வழக்கம். பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஆனபின் எமன் தேடி வந்தாலும் ஏமாந்து போவான். வேற்று மதத்தார் வாங்கினால் இன்னும் விசேஷம், அந்த வாசல் அவனுக்குத் தெரியவே தெரியாது. இவனை முறத்தில் கிடத்தி எதிர்வாசலில் வைத்தோம். பாயம்மா ஒரு கை தவிட்டைக் கொடுத்துவிட்டு, முறத்தோடு தூக்கிக்கொண்டு போய், தன் வழக்கத்தில் ஒரு பெயரையும் வைத்தாள். பிறகு, "எம்புள்ளைய நீ வளத்துக் குடு" என்று என் மடியில் போட்டாள். தவிட்டைக் கை நீட்டி வாங்கியவர் இதே என் வீட்டுக்காரர்தான்.

"பெத்தது நீ, வாங்குனது நான்," என்றாள் பாயம்மா. "அனுப்பு. கேக்கவே வேணாம்."

ஏஜெண்டு ஒருவன் மூலமாகத் தாய்லாந்து வழியே போய்ச் சேர்ந்தான். கோலாலம்பூரில் அவர்கள் இருந்தது ஒரு அடுக்குமாடியில் ஒண்டுக் குடித்தனம். பாயம்மாவின் மகன் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையிலேயே இவனும் பாத்திரம் கழுவச் சேர்ந்தான். ஃபோனில் பேசும்போது என் வீட்டுக்காரர் பிடுங்கி ஒரே கேள்வியைக் கேட்பார். "ஒன்னையத் தொழச் சொல்றாங்களா? மதம் மாத்தப் பாக்குறாங்களா?"

"இங்க யாரும் தொழச் சொல்லலப்பா. பேப்பர் இருக்கான்னுதான் கேக்குறாங்க," என்றான் அவன்.

எனக்கு மட்டும் அவன் நிறையச் சொன்னான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் யாருக்கு வேண்டுமானாலும் சோறு போடுகிறார்களாம், மதம் கேட்பதில்லையாம். ஆனால் அங்கே பாய்க்குப் பக்கத்தில் நின்று தொழுத வீட்டுச் சொந்தக்காரன், அவர் பர்மா என்று தெரிந்ததும் வீட்டு வாடகையை ஏற்றிவிட்டானாம். கடை முதலாளி தமிழ் முஸ்லிம், நல்லவர்தான், சம்பளம் மட்டும் உள்ளூர்ப் பையனுக்குத் தருவதில் பாதியாம். ஓட்டு உள்ளவன், ஓட்டு இல்லாதவன் என்று இரண்டே சாதிதான் இங்கே என்றான். நான் இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது வேற" என்றார்.

ஒரு விடியற்காலை குடிநுழைவு அதிகாரிகள் அந்த அடுக்குமாடியைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டிருக்கிறார்கள். பாய் அப்போது வேலைக்குப் போயிருந்தார். பாயம்மா வீட்டுக்கு ஐ.நா. கொடுத்த அகதித் தாளில் ஒரு மகன்தான் உண்டு, வீட்டிலோ இரண்டு பையன்கள். வந்தவர்கள் எவன் உன் மகன் என்று கேட்டார்களாம். அவள் என் மகன் தோளில் கையை வைத்து, முன்னே இழுத்து நிறுத்தி, இவன்தான் என்றாளாம். தாளிலிருந்த படம் சின்ன வயதில் எடுத்தது, யாருக்கும் பொருந்தும். அவள் மகன் வாய் திறக்கவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏண்டி அப்படிச் செஞ்ச?" என்று நான் ஃபோனில் கத்தினேன்.

"ஒம்புள்ளைகிட்ட ஒண்ணுமே இல்லையே புள்ள. அவன் பேரச் சொன்னாலே மாட்டுவான். எம்புள்ளைக்கு ஓதத் தெரியும், கலிமா சொல்லுவான், தொழுத தழும்பு நெத்தில இருக்கு. முஸ்லிம் நாடுதானே, ஸ்டேசன்ல விசாரிச்சிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் தேநீர்க் கடையில் உளறியதை அவள் நெஞ்சுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன் ஓதினானோ என்னவோ, ஓதியதை யார் கேட்டார்கள்? கொஞ்ச நாள் முகாமில் வைத்திருந்துவிட்டு, பர்மாப் பையன்களை ஒரு விமானம் நிறைய ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள், அவனையும் சேர்த்து. விமானம் வந்து இறங்கியது எங்கள் ஊர் விமான நிலையமான மிங்கலாடோனில். இறங்கியவர்களில் வயதுள்ளவர்களை அங்கிருந்தே பட்டாளத்துக்குப் பிரித்து எடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் நாள் தேநீர்க் கடையிலிருந்து அவர் குரல் வந்தது. "மலேசியா அசல் முஸ்லிம் நாடே இல்ல. அங்க பாதிப் பேரு சீனன், தமிழன். அசல் நாடா இருந்தா விட்டுக் குடுத்திருக்க மாட்டாங்க." நான் அடுப்பை அணைத்துவிட்டு, மாவு வாளியை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். அன்று வியாபாரம் இல்லை.

பாயம்மா தினமும் கூப்பிட்டாள். "நீ ஒருத்திதான் அங்க இருக்க. போயிப் பாரு. உயிரோட இருக்கானா, எந்தக் கேம்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

மிங்கலாடோனுக்குப் பஸ் ஏறினேன். விமான நிலையத்தைத் தாண்டினால் பட்டாளத்து இடங்கள்தான், மதில் மதிலாக. அங்கே ஒரு வாசலில் என்னைப்போலப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வெயிலில் நின்றார்கள். முறை வந்ததும் காவலுக்கு இருந்தவன் பர்மியில் கேட்டான், "யாரைப் பார்க்க வேண்டும்? உனக்கு என்ன உறவு?" என் மகன் வயதுதான் அவனுக்கும் இருக்கும்.

அம்மா என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் எனக்கு முன்னால் நின்றவளிடம் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. அம்மா என்றால் வீட்டுக் குடும்பப் பட்டியலைக் காட்ட வேண்டும். அது என் பையில் இருந்தது. அதில் என் மகன் பெயர் உண்டு, பட்டாள வயதும் உண்டு. அந்த மகன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அவள் தன் தாளில் என் பிள்ளையை நிறுத்திக் காப்பாற்றினாள். என் தாளில் அவள் பிள்ளையை நிறுத்தினால் இரண்டும் போகும்.

"பக்கத்து வீட்டுக்காரி," என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் சொல்ல முடியாது, போ," என்றான். கொண்டுபோன சோற்றையும் வாங்கவில்லை.

சாயங்காலம் பாயம்மா கூப்பிட்டாள். "பாத்தியா?"

"உள்ள விடல."

அவளுக்குப் பின்னால், "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்று என் மகனின் குரல் கேட்டது. "இரு வாப்பா, போடுறேன்" என்றாள். தட்டில் கரண்டி படும் சத்தம் வந்தது. திரும்ப வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மான்னு சொல்லிக் கேட்டியா புள்ள?"

"சொன்னேன்," என்றேன்.