ஹீட்டருக்கு லீவு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மருந்து செய்யும் எங்கள் கம்பெனியில் பொய் சொல்லத் தெரியாத ஆளே கிடையாது. எலக்ட்ரீஷியன் சின்னதுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரம்மதேசத்திலிருந்து மொபெட்டில் வருவான். மாதம் நான்கு தடவை லேட்டாக வந்து, "வண்டி பஞ்சர்" என்பான். யோக்கியன் என்று யாராவது சொன்னால் அவனே சிரித்துவிடுவான். நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன், பதினோரு வருஷமாக அவனைப் பார்க்கிறேன்.

அந்தப் பதினோரு வருஷமும் அவன் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட்டுக்கு மஞ்சள் கார்டு, நிரந்தரத்துக்கு நீலக் கார்டு. கேன்டீனில் நீலம் தின்று எழுந்த பிறகுதான் மஞ்சள் உட்காரலாம். அதற்குள் சாம்பாரில் காய் தீர்ந்திருக்கும். போன புரட்டாசியில் ஒரு வழியாக அவனுக்கு நீலக் கார்டு என்று முடிவாகி, ஆர்டர் மேனேஜர் ஜெகதீசனின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பொண்டாட்டி பூமாலை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஆயுத பூஜை வரவேண்டும்!

எங்கள் மருந்தைச் செய்வது உயிருள்ள செல்கள். ஏதோ ஒரு சீன எலியின் சினைப்பையிலிருந்து என்றைக்கோ எடுத்த வம்சம். குடுவைக்குள் சத்துநீரில் மிதந்துகொண்டு மருந்துப் புரதத்தைக் கக்கும். ஒரு பெட்டி அந்தக் குடுவைகளை முப்பத்தேழு டிகிரி சூட்டில் வைத்து ராப்பகலாகக் குலுக்கும். குலுக்கல் நின்றால் காற்றில்லாமல் செல்கள் சாகும். "அண்ணே, என்ன ஆனாலும் குலுக்கலை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று ஆராய்ச்சிக்காரி ஆர்த்தி அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்கு வேலை வாங்கலாமா? சின்னதுரை ஏ.சி.யை நிறுத்தினான். குலுக்கும் பெட்டி முன்னால் நின்று யோசித்தான். குலுக்கலை நிறுத்தக் கூடாது, சரி; ஹீட்டரைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லையே! அதை மட்டும் அணைத்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டான். அது புதன்கிழமை. ஆர்த்தி காலையிலேயே சாம்பிள் எடுத்துவிட்டு சொந்த ஊரான கண்டமங்கலத்துக்குக் கிளம்பியிருந்தாள். வியாழனும் விடுமுறை.

வெள்ளி காலை அவள் வந்து பார்த்தால் பெட்டிக்குள் முப்பத்தொரு டிகிரி. போட்ட கூச்சல் ஸ்டோர்ஸ் வரை கேட்டது. சாயங்காலம் பார்த்தால் ஆளே வேறு, துள்ளிக்கொண்டு சின்னதுரையைத் தேடி வந்தாள். செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு மருந்து கக்கியிருந்தன.

"சூடு கொறைஞ்சா இப்படி ஆவும்னு உலகத்துக்கே தெரியும்ண்ணே. உள்ள யாரு வேலையைக் காட்டுறாங்கன்னுதான் எனக்குத் தெரியணும். சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. இருக்குது. அதுங்க எந்தப் புரதமும் செய்யாது. புரதம் செய்யச் சொல்லிப் போற சீட்டைப் புடிச்சு மடக்கிடும். இந்தக் குளிர்ல எது அடங்கிச்சுன்னு கண்டுபுடிச்சா, அடுத்த தடவ சூட்டைக் கொறைக்காமலே அதை அடக்கிடலாம்."

"தானும் செய்யாது, செய்யறவனையும் உடாது. நம்ம ஜெகதீசன் சாருன்னு சொல்லுங்க" என்றான் சின்னதுரை.

ஆர்த்தி சிரித்தாள், ஆனால் அது உண்மை. சூட்டைக் குறைத்துப் பார்க்க அனுமதி கேட்டு அவள் இரண்டு வருஷமாக எழுதிய கடிதங்கள் எல்லாம் அவரிடம்தான் முடங்கிக் கிடந்தன.

ஜெகதீசன் அவனைக் கூப்பிட்டு, தவறு நடந்தால் எழுதும் படிவத்தை நீட்டினார். "காரணம்னு இருக்கில்ல, அங்க மின்வெட்டுன்னு எழுது. ஒன் ஆர்டர்ல உடனே கையெழுத்துப் போட்டுர்றேன்." எங்கள் கம்பெனியில் எது நடந்தாலும் காரணம் மின்வெட்டுதான். அப்படி நாற்பத்திரண்டு படிவம் இருந்தது. மூன்று நான் எழுதியவை.

பக்கத்தில் நின்ற ஆர்த்திக்கு முகம் செத்துப்போயிற்று. மின்வெட்டு என்றால் குலுக்கலும் நின்றதாக ஆகும். செல்கள் மாறியது குளிரினாலா மூச்சு முட்டியா என்று யார் சொல்வது? சாம்பிள் அத்தனையும் சாக்கடைக்குத்தான். "ஒங்க கார்டு போயிடும்ண்ணே. நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சின்னதுரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "நான் குலுக்கலை நிறுத்தவே இல்லியே சார். கரண்ட் போச்சுன்னு எழுதினா நிறுத்தினவனா ஆயிடுவேனே!" என்றான். எழுதினான்: 'புதன் 11.40. ஆயுத பூஜை. ஹீட்டருக்கு லீவு. குலுக்கல் ஓடியது.'

ஜெகதீசன் ஆர்டரை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

தீபாவளி வந்தது, போனது. "தெருவுல எப்டிய்யா தலை காட்டுவேன்? ஊரே எழுதுற பொய் ஒனக்கு மட்டும் எழுத வராதா?" என்று பூமாலை பேஜார் பண்ணினாள். அவன் கேன்டீனில் காயில்லாத சாம்பாரையே தின்றுகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, என்மேல் அதைவிட அதிகமாக.

ஆர்த்தி மட்டும் அந்தச் சாம்பிள்களைக் குடைந்து, குளிரில் அடங்கிய சின்ன ஆர்.என்.ஏ.க்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தாள்.

தை மாதம், மருந்து வாங்குகிறவர்கள் அனுப்பிய தணிக்கை அம்மாள் வந்தார். படிவங்களை எல்லாம் புரட்டிவிட்டு, "ஜெனரேட்டர் இருக்கிற எடத்துல நாப்பத்திரண்டு மின்வெட்டா? நான் நம்புறது இந்த ஹீட்டர் லீவு ஒண்ணைத்தான். மிச்சத்துக்கெல்லாம் நெசமான காரணம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். இல்லேன்னா சரக்கு எடுக்க மாட்டோம்" என்று எழுந்து போய்விட்டார்.

எலி கடித்த ஒயர், செல்போன் சார்ஜ் போடப் பிடுங்கிய ப்ளக், கிரிக்கெட் பார்க்க நான் அணைத்த அலாரம் எல்லாவற்றுக்கும் ஓடி வந்தவன் ஒரே ஆள்தான். ஜெகதீசன் முதல் தடவையாக மஞ்சள் கார்டு பந்தி நேரத்தில் கேன்டீனுக்கு வந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி சின்னதுரை, நாப்பத்திரண்டும் ஒனக்குத் தெரியுமாமே. ஜல்தியா சொல்லுப்பா, எழுதிக்கினு போறேன்."

சின்னதுரை வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினான்.

"தேதியோட தெரியும் சார். மொதல்ல அந்த டிராயரைத் தெறங்க."