அம்புக்குறி ஸ்டிக்கர்

திருப்பூரில் பேர் வாங்கிய நான்கு ஆர்க்கெஸ்ட்ராக்களின் முன்னணிக் கலைஞர்கள் சேர்ந்து புதுக் குழு தொடங்கினார்கள். அந்த நான்கில் ஒன்றான எங்கள் குழுவிலிருந்து கீபோர்டுக்காரனை மட்டும் கூப்பிட்டார்கள். அவன் பக்கத்திலேயே நின்று பாடிய என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

அவர்களுடைய டி-ஷர்ட்டுகள் நான் செக்கிங் பார்த்த பனியன் கம்பெனிக்கே தைக்க வந்தன. டேமேஜ் இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. கீபோர்டுக்காரன் பேர் அச்சடித்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அப்படியும் அவன் பேருக்கு நேராகவே ஸ்டிக்கரை ஒட்டினேன்.

"ஏனுங்ணா, இதுல டேமேஜ் ஒண்ணுமில்லீங்களே?" என்றாள் சட்டை மடிக்கிற பெண்.

"நல்லாப் பாரு கண்ணு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சட்டைல இல்லீங்ணா" என்று ஸ்டிக்கரை உரித்து என்னிடமே கொடுத்தாள். அது என் விரலில் ஒட்டிக்கொண்டது; உதறியும் போகவில்லை.