முகத்துவாரம் வெட்டிய அன்று

காலையில் மகனுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையாரின் ஆள் தகரத்தைத் தட்டியபடி தெருவால் போனான். வயலெல்லாம் வெள்ளமாம், இன்றைக்குக் களப்பின் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறார்களாம், தோணிக்காரர் கவனமாம். மேல் பொத்தானை வேறு துளையில் பூட்டிவிட்டேன்.

"உம்மா, கழுத்து இறுகுது."

ஆறு வருடங்களுக்கு முன்னும் இதே அறிவித்தலைக் கேட்டேன். கேட்டும் வாய் திறக்கவில்லை. அப்போது இவனுக்கு மூன்று மாதம். மூன்று மாதமும் நான் வாசலைத் தாண்டவில்லை. கடலையொட்டிய களப்புக்குள் இருந்த மணல்தீவுக்குக் கூட்டிப்போவதாக, பள்ளிக்கூட மாஸ்டரான என் கணவர் கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிவந்தார். மாரிக்குள் வெயில் எறித்த ஒரே நாள் அது. வழக்கமாக நண்பகல் லுஹருக்குப் பிறகுதானே வெட்டுவார்கள், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் அல்லவா.

பிள்ளையை மதினியிடம், அதாவது கணவரின் அக்காவிடம், விட்டேன். அவவுக்கும் கைக்குழந்தை, மகள்.

"சுணங்காதகா. இவன் போத்தல் வாயில வைக்கமாட்டான்."

"ஓம் மதினி, எழும்புறதுக்குள்ள வந்துருவன்."

தோணியில் போய் இறங்கினோம். தீவென்றால் கொஞ்சம் மணலும் ஒரு தாழம்புதரும்தான். நான் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் சோம்பலாக மிதந்த பாசி கடல் பக்கமாக ஓடத் தொடங்கியது. தோணிக்காரர் தோணியை மணலில் இழுத்துப் போட்டார்.

"வெட்டிட்டானுகள் மாஸ்டர். இப்ப இறங்கினா கடலுக்குத்தான் போவம்."

"எப்ப போகலாம்?"

"ஓட்டம் அடங்கணும். பொழுதுபட்டு மஃரிபும் ஆகும்."

"இண்டைக்கு வெட்டுவானுகள் எண்டு ஆருக்குத் தெரியும்" என்றார் என் கணவர். எனக்குத் தெரியும். நான் மட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் எங்கள் பள்ளிவாசல் தெரிந்தது. லுஹர் பாங்கும் கேட்டது. மார்பு கனத்துச் சட்டை நனைந்தது. தாழம்புதருக்குப் பின்னால் இருந்து பாலைப் பிழிந்தேன். மணல் உடனே குடித்துவிட்டது.

"அக்காட்ட பால் இரிக்கிதானே. பசியில விடுவாவா?" என்றார்.

அந்த ஆறுதல்தான் மற்றப் பயத்தைக் கொண்டுவந்தது. எங்கள் மார்க்கத்தில் ஒருத்தி ஐந்து தரம் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளை அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறப்புகள், கலியாணம் கூடாது. மதினியின் மகளோ, பிறந்த அன்றே நான் 'மருமகளே' என்று தூக்கியவள். அப்போது என் வயிற்றில் இருப்பது மகன்தான் என்பதும் என் தீர்ப்பே. மதினி கொடுக்கட்டும் என்று துஆ கேட்டேன். நாலோடு நிற்கட்டும் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று குழம்பி, திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன்.

மஃரிபுக்குப் பிறகு ஓடிவந்தபோது மதினியின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் பால்.

"எத்தின தரம் குடுத்தீங்க மதினி?"

"கேக்கிற கேள்வியப் பாரு. புள்ள கத்தக்குள்ள விரல மடிச்சிக்கிட்டா இருப்பன்? நாலோ, அஞ்சோ."

சொன்ன பிறகுதான் அவவுக்கு விளங்கியது. பாயில் கிடந்த தன் மகளைப் பார்த்தா.

எண்ணிக்கையில் சந்தேகமென்றால் கலியாணத்துக்குத் தடையில்லை, ஆனாலும் விட்டுவிடுவதே பேணுதல் என்றார் பள்ளிவாசல் லெப்பை. விட்டுவிட்டோம். தகரச் சத்தத்தைக் கேட்டதை மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு வந்த பெருவெள்ளம் அந்தத் தீவை வாரிக்கொண்டு போனது. இப்போது அதற்கு மேலால் தோணி ஓடுகிறது. போன பெருநாளன்று மதினியின் மகள் புதுச்சட்டையோடு, மூடிய கோப்பை ஒன்றை ஏந்தி வாசலில் நின்றாள். 'மருமகளே' என்ற பழைய அழைப்பு வாய்வரை வந்தது.

"மாமி, தம்பிக்கு உம்மா தந்தனுப்பின" என்றாள்.

"உள்ளுக்கு வா மகள்" என்றேன்.