இடுப்பளவுத் தண்ணீர்

அந்த ஆளைத் தண்ணீரில் விழவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஆள் எங்கள் சூப்பர்வைசர். கும்மிடிப்பூண்டியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் எட்டுப் பெண்கள், எங்களுக்கு மேலே அவர். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை முடிந்ததும், ஒன்பது பேரும் வேன் பிடித்து இரண்டு நாள் எங்காவது போய்வருவோம். போன வருஷம் ஏற்காடு. பழவேற்காட்டில் பிறந்தவள் வெறுங்கையோடு போவேனா? விடியற்காலையில் எழுந்து நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டேன். திண்டிவனம் தாண்டி எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது நான் தூக்கைத் திறந்தேன்.

"யோவ் டிரைவரு, வண்டிய ஓரங்கட்டு!" என்று சூப்பர்வைசர் கத்தினார். வண்டி நின்றது. "அத்த எட்த்துக்கினு போயி கீழ கொட்டிட்டு வாம்மா. ஏசி வண்டி இது. உங்க ஊட்டு நாத்தத்த ஏற்காடு வரிக்கும் ஏத்திக்கினு போணுமா?"

மற்ற ஏழு பெண்களும் சிரித்தார்கள். மூன்று வருஷமாகத் தினமும் மத்தியானம் என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் ஒருத்தி, மீஞ்சூர்க்காரி, அவளும் சிரித்தாள். நான் இறங்கிப்போய் ரோட்டோரத்தில் தூக்கைக் கவிழ்த்தேன். ஏற்காட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றிலிருந்து கம்பெனிக்குத் தயிர்சாதம்தான் கொண்டுபோகிறேன். மீன் தின்று வளர்ந்த உடம்பு, ஒரு வருஷமாகத் தயிர்சாதம்! அதே ஏழு பேரும் அதே மாதிரி அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வழி என் தம்பி மூலமாக வந்தது. அவன் பழவேற்காட்டில் படகு ஓட்டுகிறான். பறவை பார்க்க வருகிறவர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றிக்கொள்வான். ஒருநாள் போன் செய்தான். "எக்கா, உங்க கம்பெனி சூப்பர்வைசராம், குடும்பத்தோட வந்தாரு. படகு எட்த்ததும் கண்ண மூடிக்கினாரு பாரு! ரெண்டு கையால பலகையப் புட்ச்சவரு கரைக்கு வந்துதான் உட்டாரு. பசங்க கேட்டா பீபி ஏறிடுச்சின்றாரு." என் வயிற்றில் பால் வார்த்தான் தம்பி.

இந்த வருஷம் அவரே வந்து வலையில் விழுந்தார். "எல்லா வாட்டியும் நானே பேஜார் புட்ச்சிக்கினு இருக்க முடியாது. இந்த வாட்டி நீ எடம் பாரும்மா" என்றார். பார்த்தேன். நீலகிரியில் ஊரெல்லாம் தள்ளி, காட்டுக்கு நடுவே ஓர் அணைக்கட்டு ஏரி. ஏரி நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். துடுப்புப் படகை விட்டால் அங்கே போக வேறு வழியே கிடையாது. போனில் படத்தைக் காட்டியதும் பெண்கள் குதித்தார்கள். அவர் முகம் மட்டும் சுருங்கியது.

"ஏரியா? பார்க்கு கீர்க்கு எதுவும் இல்லியா?"

"எல்லாரும் ஆசப்படறாங்க சார்" என்றேன், பூனை மாதிரி.

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, வேனும் பேசியாயிற்று. மெஷினில் அட்டை மடித்துக்கொண்டே நான் என் கணக்கைப் போட்டேன். அவரை ஓரத்தில் உட்கார வைப்பது என் பொறுப்பு. கரை நெருங்கும்போது செல்பி எடுக்கலாம் வாங்கடி என்று எல்லோரையும் அந்தப் பக்கமாக எழுப்பினால் படகு சாயும், ஓரத்தில் இருப்பவர் விழுவார். கத்துவார், கைகாலை உதறுவார். பிறகு பார்த்தால் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். சொட்டச் சொட்ட எழுந்து நிற்பார். அப்போது சிரிப்பார்கள்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை விட்டால் எங்கே விழுந்தாலும் எழுந்து நின்றுகொள்ளலாம். கோல் ஊன்றித்தான் படகைத் தள்ளுவோம். வலை எங்காவது மாட்டிக்கொண்டால் இறங்கி நடந்துபோய் எடுத்துவிட்டு வருவார்கள். ஏரி என்றால் இப்படித்தான் என்று வளர்ந்தவள் நான்.

டீ இடைவேளையில் அந்த மலைமேல் படகுக்காரருக்குப் போன் செய்தேன். எத்தனை பேர், எத்தனை மணி என்றெல்லாம் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "தண்ணி இடுப்பளவு இருக்குமாண்ணா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, இது அணைங்க. கரையில இருந்து நாலு எட்டு வெச்சாலே கால் எட்டாதுங்க. நடுவுல ஒரு தைலமரத்த நட்டமா நிறுத்தினாலும் நுனி வெளிய தெரியாதுங்க."

"லைஃப் ஜாக்கெட்டு இருக்குதா?"

"இருக்குதுங்க. பாதிக்கு வாரு அந்து போச்சு."

வாரறுந்ததைச் சூப்பர்வைசருக்குக் கொடுத்தால்? அந்த நினைப்பு வரத்தான் செய்தது. வந்ததும் நான் அதை விரட்டவும் இல்லை, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கொலை இல்லையா இது? அடுத்த நிமிஷம் இன்னொன்று உறைத்தது. எனக்கும் நீச்சல் தெரியாது! கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை. தண்ணீரில் எனக்கு இருந்த தைரியமெல்லாம் காலுக்குக் கீழே தரை இருந்த தைரியம்தான். அந்தப் படகு சாய்ந்தால் முதலில் முழுகுகிறவள் நான்.

மறுநாள் காலை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை இறக்கினார். "எனக்குத் தண்ணின்னா ஆவாதும்மா. பட்கில எட்டு பேருதான் ஏறலாம்னு சொல்லிடேன். நான் கரையிலயே குந்திக்கினு இருக்கேன். யாராண்டையும் சொல்லாத."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார், என் முன்னால்! இதைவிட என்ன வேண்டும்? சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டேன். "போன வருசம் திண்டிவனத்தாண்ட என் தூக்க ரோட்ல கொட்டச் சொன்னீங்களே சார்?"

அவர் முழித்தார். "நானா? எப்போ? இன்னா தூக்கு?"

நடிக்கவில்லை. உண்மையாகவே ஞாபகம் இல்லை அந்த ஆளுக்கு. நான் ஒரு வருஷம் முழுங்க முடியாமல் வைத்திருந்ததை அவர் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள்ளேயே மறந்திருக்கிறார். சொன்னதற்கு வராத கோபம் மறந்ததற்கு வந்தது.

மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். "இன்னா விசயம் தெரியுமாடி? சார் பட்கில வரமாட்டாராம். தண்ணின்னா பயமாம்! எங்க ஊர்ல பட்கில ஏறிட்டு, கண்ண மூடிக்கினு பலகையப் புட்ச்சிக்கினு வந்தாராம்!"

சிரித்தார்கள். மீஞ்சூர்க்காரிக்குப் புரையேறி, தலையில் தட்டினார்கள். நான் அவசரப்படவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காது சிவந்திருந்தது. நல்லா வேணும், என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது அவர் தலையைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை.

"அங்க ஆழமாம்மா?"

"ஆழந்தான் சார்."

"இவுங்க யாருக்கும் நீச்சல் தெரியாதேம்மா. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீதான பாத்துக்கணும். உனுக்குத் தெரியும்ல?"

ஏழு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும் சார்" என்றேன்.