படமெடுக்க வந்தவரும் பவுடர் பூசிய பிள்ளையும்

கலவரத்தில் கொழும்பு வீட்டைப் பறிகொடுத்துவிட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய சில குடும்பங்கள், கோப்பாயில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மொழிபெயர்க்க என்னை விட்டார்கள்.

ஆறு வயது ரஞ்சியை அவர் தெரிவு செய்தார். முதல் நாள் அவளைப் பரட்டைத் தலையும் கிழிந்த சட்டையுமாகக் கண்டிருந்தார். மறுநாள் கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு நிமிர்ந்தவர் திகைத்துப்போனார். அயல்வீட்டில் இரவல் வாங்கிய நைலோன் சட்டை, இரட்டைப் பின்னல், பொட்டு, கழுத்துவரை பவுடர். படம் பிடிப்பதென்றால் எங்களுக்கு ஸ்டூடியோவுக்குப் போகிற மாதிரித்தானே! ரஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

“இப்படி வேண்டாம். தலையைக் கலைத்துவிட்டு, பழைய சட்டையைப் போடச் சொல்லுங்கள்” என்றார் அவர் ஆங்கிலத்தில்.

சீப்பும் கையுமாக நின்ற தாய் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னவாம், ரீச்சர்? வீடுதான் போச்சுது. பிள்ளையையாவது வடிவாய்க் காட்டுவம் எண்டு பாத்தன்.”

அவர் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பிள்ளை நல்ல வடிவாய் இருக்கிறாவாம், அக்கா” என்று மொழிபெயர்த்தேன்.

தாய் சிரித்தாள். அதைக் கண்டு ரஞ்சியும் விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரித்தாள். அந்த மனிதர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். பிறகு கமராவை ஓட்டினார்.

அந்தச் சிரிப்பு படத்தில் வந்ததோ தெரியாது. ஆனால் இன்றும் திரையில் தலை கலைந்த ஒரு பிள்ளை அழுதால், என் கண் அவளை விட்டு ஓரத்துக்குப் போய்விடும். அங்கேயும் சீப்போடு ஒரு தாய் நின்றிருப்பாள்; அவளை யார் விலகி நிற்கச் சொன்னது?